நம்ம ஊர்ப் புகை எங்கே போகுது?



எங்க வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கு. ஆனாலும் வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் ஆச்சி விறகடுப்பைத்தான் மூட்டுவாங்க. ஊதி ஊதி இருமுவாங்க. ஏன் ஆச்சின்னு கேட்டால், "ஏட்டி, புகை மேல போனா காத்துல கரைஞ்சுரும்லா" என்பாங்க. நானும் அப்படித்தான் நினைத்தேன். அறிவியல் மன்றத்துக்காகப் படித்தபோதுதான் அது கரைவதில்லை, பயணம் போகிறது என்று தெரிந்தது!

கப்பல் போன காற்று

நம்ம கொற்கை பாண்டியர்களின் துறைமுகமாக இருந்தது நமக்குத் தெரியும். அன்று பாய்மரக் கப்பல்களை நடத்தியது பருவக்காற்று. தாமிரபரணி கொண்டுவந்த மண் சேர்ந்து கடல் விலகிப் போய்விட்டது. ஆனால் காற்று மாறவில்லை. தென்மேற்குப் பருவத்தில் கடலிலிருந்து நிலத்துக்கு வீசும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அன்று கப்பலைத் தள்ளிய காற்று இன்று புகையைத் தள்ளுகிறது.

கடல் மேல் பழுப்பு மேகம்

1999 ஜனவரி முதல் மார்ச் வரை பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து இந்தியப் பெருங்கடல் மேலே உள்ள காற்றை அளந்தார்கள். அந்த ஆய்வின் பெயர் 'இண்டோயெக்ஸ்'. தலைமை தாங்கிய இருவரில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரரான வீரபத்ரன் இராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இன்னொருவர் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன். இந்தியாவின் 'சாகர் கன்யா' கப்பலும் கலந்துகொண்டது. நம்ம ஊரிலிருந்து ஏறத்தாழ 700 கி.மீ. தள்ளி இருக்கும் மாலத்தீவில் விமானங்களும் கருவிகளும் இருந்தன.

அவர்கள் கண்டது என்ன? நடுக்கடல் மேலேயே சுமார் 3 கி.மீ. உயரம் வரை பழுப்பு நிறப் புகைப்படலம்! அதில் பெரும்பகுதி மனிதர்கள் உண்டாக்கியது: விறகு, வயலில் எரிக்கும் தாள், டீசல், நிலக்கரி. அது சூரிய ஒளியை மறைத்துக் கடலுக்குப் போகும் வெளிச்சத்தைக் குறைக்கிறது.

ஏன் சேர்ந்து அளக்கணும்?

ஒருத்தி படியிலும் இன்னொருத்தி உழக்கிலும் அளந்துவிட்டு யார் நெல் கூடுதல் என்று சொல்ல முடியுமா? முடியாதுல்லா? காற்றும் அப்படித்தான். எல்லாரும் ஒரே முறையில் அளந்தால்தான் புகை எங்கே புறப்பட்டது, எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும். அதற்காக 1998-ல் 'மாலே பிரகடனம்' வந்தது. இந்தியா, இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம், நேபாளம், பூடான், பாகிஸ்தான், ஈரான் ஆகிய 8 நாடுகள் அதில் சேர்ந்தன. எல்லையில் சண்டை போடும் நாடுகள் கூட காற்றுக்காக ஒன்றாக உட்கார்ந்தன!

கண்ணுக்குத் தெரியாத தூசி

2.5 மைக்ரானுக்குக் குறைவான தூசிதான் ஆபத்து. தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கு தடுக்காது, நுரையீரல் வரை போய்விடும். ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. நம்ம நாட்டில் 2009-ல் வைத்த அளவு 40. நுரையீரல் எல்லாருக்கும் ஒன்றுதானே, அளவு மட்டும் ஏன் 8 மடங்கு?

2019-ல் தேசிய தூய காற்றுத் திட்டம் தொடங்கியபோது, காற்றைச் சரிசெய்ய வேண்டிய 102 நகரங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருந்த ஒரே ஊர் நம்ம பக்கத்துத் தூத்துக்குடி.

நாங்கள் செய்த சோதனை

நானும் இரண்டு தோழிகளும் மூன்று வெள்ளை அட்டையில் வாசலின் தடவி வைத்தோம். ஒன்று எங்க அடுப்படி, ஒன்று பஸ் நிறுத்தம், ஒன்று பள்ளி வேப்பமரம். முதல் தடவை ஒருத்தி அட்டையை எடுக்க மறந்து இரண்டு நாள் விட்டுவிட்டாள். மூன்றையும் ஒப்பிட முடியாமல் தூக்கிப் போட்டோம். மறுபடி ஒரே நாள், ஒரே நேரம் என்று பேசி வைத்தோம்.

பஸ் நிறுத்தம்தான் ரொம்பக் கருப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை! எங்க அடுப்படிதான். ஆச்சியிடம் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் என் நெஞ்சுக்குள்ளயா போச்சு?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

மறுநாள் அப்பா விறகடுப்பை முற்றத்துக்கு மாற்றினார். ஆச்சிக்கு இருமல் கொஞ்சம் குறைந்திருக்கு. ஆனால் இப்போ புகை பக்கத்து வீட்டு அத்தை வீட்டுக்குப் போகுது! நாடுகளுக்குள்ளே நடப்பதும் இதுதான் என்று புரிந்தது. புகையை இடம் மாற்றினால் போதாது, குறைக்கணும்.

தோழர்களே! வரும் சனிக்கிழமை எல்லாத் தெருவிலும் ஒரே நேரத்தில் அட்டை வைப்போம். காலை 7 மணிக்கு வைத்து மாலை 5 மணிக்கு எடுக்கணும். வாசலின் நாங்கள் தருகிறோம். வெள்ளை அட்டையை மட்டும் கொண்டு வாங்க.

ஒன்றாய் அளப்போம்! ஒன்றாய்க் குறைப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி, அறிவியல் மன்றம்