விசா ரத்தும் ஒரு துண்டுக் காகிதமும்

2019 டிசம்பரில், சென்னை ஐ.ஐ.டி.க்குப் பரிமாற்றத் திட்டத்தில் படிக்க வந்திருந்த ஜெர்மனி மாணவர் ஒருவர் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் கலந்துகொண்டார். குடிநுழைவு அதிகாரிகள் அவரைக் கிளம்பச் சொன்னார்கள்; அன்றிரவே விமானம் ஏறிவிட்டார். உத்தரவு வாய்மொழியாகத்தான் வந்தது என்று பிறகு பேட்டிகளில் சொன்னார். அதே மாதம் கொல்கத்தாவில் இப்படியொரு ஊர்வலத்துக்குப் போன ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் போலந்து மாணவருக்கோ, 2020 பிப்ரவரியில் நோட்டீஸ் வந்தது, 14 நாள் கெடுவோடு. அவர் வழக்குத் தொடுத்தார். காரணம் சொல்லவில்லை, அவர் தரப்பைக் கேட்கவுமில்லை என்று குறை கண்ட கல்கத்தா உயர் நீதிமன்றம், மார்ச் 18 அன்று நோட்டீஸை ரத்து செய்தது. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவர் கையில் காகிதமும் சில நாள் அவகாசமும் இருந்தன, அவ்வளவே வித்தியாசம். அவை இரண்டும் இல்லாவிட்டால் நீதிமன்ற மறுஆய்வு என்பது ஏட்டுச் சுரைக்காய்.

வந்த விருந்தாளி வீட்டுக்காரரிடம் காரணம் கேட்கலாமா என்பார்கள். வெளிநாட்டவரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் வரம்பற்றது என்று உச்ச நீதிமன்றமே 1955-இல், ஹான்ஸ் முல்லர் வழக்கில் சொன்னது. ஆனால் அரசியல் சட்டத்தின் 14, 21-ஆம் பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டுமானவை அல்ல, எல்லா நபர்களுக்குமானவை. தவிர, யார் தங்கலாம் என்பதை நீதிபதி முடிவு செய்வதில்லை. முடிவெடுத்த விதத்தைத்தான் பார்க்கிறார். 2022 ஜனவரி 10 அன்று டென்னிஸ் வீரர் ஜோகோவிச் ஆஸ்திரேலியாவில் தன் விசா ரத்துக்கு எதிரான வழக்கில் வென்றது, பதில் சொல்ல ஒப்புக்கொண்ட நேரத்தை அதிகாரிகள் தராததால். நான்கே நாளில் அமைச்சர் விசாவை மறுபடி ரத்து செய்தார். 16-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அதில் தலையிட மறுத்தார்கள். அரசின் கை எங்கே கட்டப்பட்டது?

தேசப் பாதுகாப்பு என்ற வாதம் இதைவிடக் கனமானது. உளவுத் தகவல் எல்லாவற்றையும் வெளியிட முடியாதுதான். ஆனாலும் பாதுகாப்பு என்ற சொல்லை மட்டும் உச்சரித்தால் போதாது, ஆதாரம் வேண்டும் என்று 2023 ஏப்ரலில், மீடியாஒன் தொலைக்காட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது ஒளிபரப்பு உரிமம் பற்றிய வழக்கு. தர்க்கம் விசாவுக்கும் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும் பம்மல், தாம்பரத்துப் பிள்ளைகளும் வெளிநாட்டில் போய் இறங்கியதும் அந்நியர்கள்தான். 2025-இல் அமெரிக்கா ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் குடிநுழைவுப் பதிவுகளைத் திடீரென நீக்கியது. பல நீதிமன்றங்கள் தடை விதிக்கவே, ஏப்ரல் இறுதியில் பதிவுகளை மீட்பதாக அரசு இறங்கிவந்தது. ஆனால் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா மறுக்கப்படுபவருக்கு அந்த நாட்டு நீதிமன்றக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை.