ஒரே ஆலைக்குள் மூன்று காற்று

மலேசியாவின் கலும்பாங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் செம்பனை ஆலையின் வாசம் தெரியும்; கண்ணை மூடிக்கொண்டே அதன் சத்தத்தையும் அடையாளம் சொல்வார்கள். அந்த இரைச்சலில் பாதி நீராவியுடையது. மீதி, ராட்சதக் காற்றாடிகளுடையது.

மலாயாவில் வணிக முறையில் செம்பனையை முதலில் நட்டது கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான். ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி ஃபொகோனியர் என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயர் என்னவோ தென்னமரம்!

சரி, ஆலைக்குள் போவோம். நீராவியில் வெந்த பழத்தைத் திருகு அழுத்தியில் பிழிந்தால் எண்ணெய் ஒரு பக்கம் போகும். மறுபக்கம் நாரும் கொட்டையும் கலந்த சக்கை வரும். இரண்டையும் பிரிப்பது யார்? நம் பாட்டி களத்துமேட்டில் நெல் தூற்றினாளே, அதே வேலையைத்தான் இங்கே காற்று செய்கிறது. நின்ற குழாய்க்குள் நொடிக்கு ஏறக்குறைய 6 மீட்டர் வேகத்தில் காற்றை மேலே இழுக்கிறார்கள். நார் பறக்கிறது, கொட்டை விழுகிறது. அடுத்த குழாயில் காற்று இன்னும் பலம். முதலில் விழுந்த அதே கொட்டை இங்கே பறக்க, கல்லும் கழன்று விழுந்த போல்ட்டும் கீழே தங்குகின்றன. கொட்டையை உடைத்த பிறகு மூன்றாவது காற்று: லேசான ஓடு மேலே, பருப்பு கீழே.

காற்றுதான் இவ்வளவு செய்கிறதே, எல்லாவற்றையும் அதிலேயே அனுப்பிவிடலாமே? அனுப்பலாம், மின்கட்டணத்தைப் பார்க்கும் வரை. காற்றாடியின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் அது கேட்கும் மின்சாரம் எட்டு மடங்கை நெருங்கும். நேராகக் கொண்டுபோக வேண்டிய சரக்குக்குத் திருகுக் கடத்தியோ சங்கிலிக் கடத்தியோ போதும். நாரைப் பிரிக்க எப்படியும் காற்று வேண்டும் என்பதால் அந்தக் காற்றே அதைப் பாய்லர் பக்கம் சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

காற்றை ஊதுவதா, உறிஞ்சுவதா? உறிஞ்சும் குழாயில் ஓட்டை விழுந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர தூசி வெளியே வராது. பல இடத்துச் சரக்கை ஓரிடத்தில் சேர்க்க இதுவே தோது. ஓரிடத்திலிருந்து பல இடத்துக்குப் பிரித்து அனுப்ப ஊதுவது சரி. நாரைச் சுழற்றிக் காற்றிலிருந்து பிரிக்கும் சைக்ளோனுக்கு அடியில் ஓர் இறக்கைச் சக்கரம் சுற்றும். நாரை இறக்கிவிட்டுக் காற்றை மறிப்பது அதன் வேலை. இறக்கை தேய்ந்தால் அடியிலிருந்து காற்று ஏறி, விழ வேண்டிய நாரை மறுபடி தூக்கிக்கொண்டு போய்விடும்.

வேகம் குறைந்தால் கிடைக்குழாயில் சரக்கு படுத்து அடைக்கும். கூடினால் வளைவுகளை அரிக்கும். ஓடு செல்லும் குழாய்தான் மோசம். நான் பார்த்த ஓர் ஆலையில் வயதான ஃபிட்டர் ஒருவர் வளைவின் வெளிப்புறத்தை ஸ்பேனரால் தட்டித் தட்டிக் கேட்டார். “தம்பி, சத்தம் தகரம் மாதிரி வருது பாருங்க, இன்னும் ரெண்டு வாரம் தாங்காது,” என்றார். அங்கே ஏற்கெனவே ஒட்டுக்கு மேல் ஒட்டாக மூன்று தகடுகள்.

இந்த அரிப்பைத் தடுக்க ஓர் எளிய வழி உண்டு. வளைவுக்குப் பதிலாக T வடிவ இணைப்பை வைத்து, முட்டுச்சந்து மாதிரி அதன் ஒரு முனையை மூடிவிடுவார்கள். முதலில் போன ஓடுகள் அதில் அடைந்துகொள்ளும். பின்னால் வரும் ஓடுகள் குழாயில் மோதாமல் அவற்றின் மீதே மோதித் திரும்பும். ஆனால் நார்க் குழாயில் இதைச் செய்தால், எண்ணெய்ப் பிசுக்கோடு நார் அங்கேயே திரண்டு கெட்டியாகிவிடும்.