கடற்பாறையும் நிழற்படமும்

திண்டிவனத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை மரக்காணத்தில் கடலை அடைகின்றது. ஆங்குக் காணப்படுவன உப்பளமும் மணற்பரப்பும் பனையும் தென்னையுமே. அலையை எதிர்த்து நிற்கும் குன்று ஒன்றேனும் இல்லை. அதே ஊரிலிருந்து மேற்கே சென்றாலோ, பாறைமேற் பாறை அடுக்கி வைத்தாற்போலச் செஞ்சி மலைகள் ஓங்கி நிற்கின்றன. விழுப்புரம் மாவட்டத்தில் மலையும் உண்டு, கடலும் உண்டு. எனினும் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. செஞ்சி மலை கடலோரத்தில் நின்றிருந்தால் அது என்ன ஆகியிருக்கும்?

அலை பாறையின் அடியை ஓயாது மோதும். வெடிப்புகளில் நீர் புகுந்து, அங்குள்ள காற்றை நெருக்கி, வெடிப்பை மேலும் அகலச் செய்யும். அலையோடு உருண்டு வரும் கூழாங்கற்கள் அடிப்பாறையைத் தேய்க்கும். அடி குடையப்பட்டால் மேற்பகுதி தாங்குவாரின்றிச் சரிந்து விழும். இவ்வாறு செங்குத்தாக நிற்கும் கரையே கடல் ஓங்கல் எனப்படும். கடலுள் நீண்டிருக்கும் பாறைமுனையை அலை இருபுறமும் குடையுங்கால் முதலிற் குகையும், குகை ஊடுருவியபின் வளைவும் தோன்றும். வளைவின் மேற்பகுதி இடிந்து வீழ்ந்தால், கரையினின்று பிரிந்து தனித்து நிற்கும் பாறையே கடல் தூண் ஆகும். அத்தூணும் நாளடைவில் தேய்ந்து மறையும்.

தமிழர் வாழும் நிலத்தில் ஓங்கலின் அழகைக் காண விரும்புவோர் ஈழத்துத் திருக்கோணமலைக்குச் செல்லலாம். கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலை, கடலினின்று 300 அடிக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்கின்றது. அதன் இருபுறமும் வளைந்த குடாக்கள் உள்ளன. இத்தகைய இடத்தை நிழற்படம் எடுப்போன் முதற்கண் பொழுதறிதல் வேண்டும். ஓங்கல் கிழக்கு நோக்கியதாதலின், காலைக் கதிர் சாய்வாக விழும்போது பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் தன் நிழலால் தெளிவுறும். உச்சி வெயிலில் நிழல் சுருங்கிப் பாறை தட்டையாகத் தோன்றும். பிற்பகலிலோ ஓங்கலின் முகம் இருண்டுவிடும். கருவியை முக்காலியில் நிறுத்தி, கடலும் வானும் கூடும் கோடு சாயாவண்ணம் பார்த்துக்கொள்ளல் நன்று. ஒளி புகும் காலத்தைச் சில நொடிகள் நீட்டினால் அலை வெண்பனி போலப் படியும். மிகக் குறைத்தால் ஒவ்வொரு துளியும் உறைந்து நிற்கும். முன்னது கண்ணுக்கு இனிது. அலையின் வலிமையைக் காட்டுவது பின்னதே. படத்தில் மனிதர் ஒருவரோ படகு ஒன்றோ இடம்பெறின் பாறையின் உயரம் விளங்கும். கடலுக்கு முதுகு காட்டி நிற்றலும், ஈரப் பாறையின் விளிம்பில் கால் வைத்தலும் உயிருக்குக் கேடாம்.

அச்சுவாமிமலையின் அடியிலேயே நிழற்படக் கருவி வேறொரு தொண்டும் புரிந்தது. பழைய கோணேசர் கோயில் 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. 1956இல் மைக் வில்சன் என்னும் நீர்மூழ்கி நிழற்படக் கலைஞர், மலையடியிற் கடலுள் மூழ்கிக் கோயிற் சிதைவுகளைக் கண்டார். அவருடைய நண்பர் ஆர்தர் சி. கிளார்க் எழுதி 1957இல் வெளிவந்த நூல் வாயிலாக உலகினர் அச்செய்தியை அறிந்தனர்.

பாறை நிலையானது என்று எண்ணுவது இயல்பு. ஆத்திரேலியாவின் தென்கரையில் ‘பன்னிரு திருத்தூதர்’ எனப் பெயர் பெற்ற சுண்ணாம்புக்கல் தூண்கள் உள்ளன. பெயர் பன்னிரண்டு என்றாலும் இருந்தவை ஒன்பதே. 2005ஆம் ஆண்டு சூலை 3ஆம் நாள், அவற்றுள் ஏறத்தாழ 50 மீட்டர் உயரமுள்ள தூண் ஒன்று நொடிப்பொழுதில் நொறுங்கி வீழ்ந்தது, எஞ்சியவை எட்டு. அதே கரையில் ‘இலண்டன் பாலம்’ எனப்பட்ட இரட்டை வளைவின் ஒரு வளைவு 1990 சனவரியில் இடிய, அப்பால் நின்ற இருவர் கரைக்குத் திரும்ப வழியின்றித் தவித்து, எலிகாப்டரால் மீட்கப்பெற்றனர். வீழ்ந்த அவ்விரண்டின் வடிவத்தையும் இன்று நாம் காண்பது பழைய படங்களில் மட்டுமே.

பாறையே இங்ஙனம் மறையுமாயின் மணற்கரையைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ! நம் கிழக்குக் கரையில், ஆண்டின் பெரும்பகுதி, அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்கின்றன. 1980களிற் புதுச்சேரித் துறைமுகத்திற்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் அம்மணல் தெற்கே தங்கிவிட, வடபாலுள்ள கரை தேயலாயிற்று. புதுச்சேரி நகரின் மணற்கரை மறைந்தது. விழுப்புரம் மாவட்டத்துப் பொம்மையார்பாளையம் முதலிய மீனவர் ஊர்களில் வீடுகளும் கடலுக்கு இரையாயின.

இவ்வூர்களின் கரையை அளந்தறியவும் நிழற்படம் உதவும். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. அசையாத கோயிற் கோபுரத்தையோ கிணற்றையோ எல்லையாகக் கொண்டு, குறித்த ஓரிடத்தில் நின்று, ஆண்டுதோறும் அதே மாதத்தில், கடல்நீர் ஏறி வடியும் நிலையில் ஒரே அளவாக உள்ள வேளையில் எடுத்தல் வேண்டும். படத்தின் பின்புறத்தில் நாளும் நேரமும் நின்ற இடமும் எழுதி வைத்தல் வேண்டும். அவ்வாறு எடுத்த பத்துப் படங்களை வரிசையாக வைத்தால், கோபுரத்துக்கும் அலைக்கும் இடையே எத்தனை அடி நிலம் போயிற்று என்பதை ஊரார் தாமே எண்ணிக் கூறலாம்.