பருவுக்குக் காரணம் இரத்தத்திலா, தோலிலா?

பதினேழு வயது இளைஞன், முகமெல்லாம் பரு. "உடம்புச் சூடு" என்கிறாள் பாட்டி. "ஹார்மோன் கூடிவிட்டது" என்கிறான் கல்லூரியில் படிக்கும் அண்ணன். கேட்டவுடன் அண்ணன் சொல்வதே சரியென்று நமக்குத் தோன்றும். ஆனால் இத்தகைய இளைஞர்களின் இரத்தத்தைச் சோதித்தால், பெரும்பாலோரிடம் ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவிலேயே இருக்கக் காண்கிறோம். அப்படியானால் ஹார்மோனுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லையா?

உண்டு. 1941ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் இதனைத் தெளிவாக்கினார். பருவமடையுமுன் விந்தகங்களை இழந்த ஆண்களுக்குப் பரு வருவதில்லை. டெஸ்டோஸ்டிரோனை ஊசி மூலம் செலுத்தியபோதோ அவர்களிலும் பரு தோன்றியது. ஹார்மோன் இன்றிப் பரு இல்லை என்பது விளங்கிற்று. ஆனால் ஹார்மோன் மட்டும் இருந்தால் போதுமா?

நம் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. இரத்தத்தில் வரும் டெஸ்டோஸ்டிரோனை அங்குள்ள ஒரு நொதி, அதனினும் வீரியமிக்க டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. இது சுரப்பியின் செல்லிலுள்ள 'ஏற்பி' என்னும் புரதத்தில், பூட்டில் சாவி பொருந்துவதுபோலப் பொருந்துகிறது. உடனே சுரப்பி பருக்கிறது, எண்ணெய் பெருகுகிறது. அந்த எண்ணெயும் உதிரும் தோற்செல்களும் சேர்ந்து துளையை அடைக்க, உள்ளே பாக்டீரியா பெருகிச் சிவந்து வீங்குகிறது.

பூட்டே பழுதாயிருந்தால்? பிறவியிலேயே இந்த ஏற்பி முற்றிலும் செயல்படாதவர்கள் சிலர் உண்டு. அவர்கள் இரத்தத்தில் ஆண்களுக்குரிய அளவு டெஸ்டோஸ்டிரோன் இருந்தும் பரு வருவதில்லை! ஒரே அளவு ஹார்மோனுக்கு ஒருவர் தோல் சும்மாயிருக்க, இன்னொருவர் தோல் சினந்தெழுவதன் காரணம் தோலிலேயே இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் பரம்பரையாக வருவது.

ஆகவே சாதாரணப் பருவுக்காக ஆண்கள் ஹார்மோன் சோதனை செய்துகொள்வது பெரும்பாலும் வீண்செலவே. தசை வளர்க்க ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களின் கதை வேறு. மிதமிஞ்சிய ஹார்மோனால் அவர்களில் பலருக்கு மார்பிலும் முதுகிலும்கூடப் பரு கிளம்புகிறது.

ஹார்மோனின் வேலையையே தடுத்துவிட்டால் என்ன? பெண்களுக்குச் சில சமயம் அத்தகைய மாத்திரைகள் தருவதுண்டு. ஆண்கள் உட்கொண்டால் மார்பகம் பெருக்கலாம், ஆண்மை குன்றலாம். தோலில் தடவிய இடத்திலேயே ஏற்பியை மறிக்கும் கிளாஸ்கோடெரோன் என்ற களிம்பு 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடும் பருவுக்கு நெடுங்காலமாகத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் வேறு வழியில் செல்கிறது: சுரப்பியையே சுருக்கிவிடுகிறது. மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டிய மருந்து அது.