பை ஏன் ஆடவில்லை?

மயிலாப்பூர் லஸ் முனையில் ஆட்டோ திரும்பும்போது, முன்னால் தொங்கும் குட்டிப் பொம்மையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கமாக விலகி ஆடும். அதே முனையில் அம்மாவின் ஸ்கூட்டர் திரும்பட்டும். கொக்கியில் மாட்டிய காய்கறிப் பை அப்படி விலகாது. வண்டி சாய்ந்தால் பையும் கூடவே சாயும்.

ஏன் என்று கேட்கிறீர்களா? சபாஷ்! அந்தக் கேள்வி நம்மை ரேஸ் நடக்கும் இடத்துக்கே கூட்டிப்போகும்.

திரும்பும்போது பை வெளிப்பக்கம் போகப் பார்க்கிறது. பூமியோ அதைக் கீழே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சாய்வான ஓர் இழுப்பு. இருசக்கர வண்டி அதே சாய்வில் சாய்ந்தால்தான் விழாமல் திரும்பும். அதனால் பைக்கு வண்டியின் தரைதான் ‘கீழ்’! ஆட்டோவால் அப்படிச் சாய முடியாது. புரிகிறதா? இல்லையென்றால் இன்னொரு முறை படியுங்கள், அவசரமில்லை.

சென்னையிலிருந்து ஏறக்குறைய 40 கி.மீ. தள்ளி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. அங்கே 1990-ல் திறந்த பந்தயத் தடத்தின் நீளம் சுமார் 3.7 கி.மீ. அதற்கு முன் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடந்தது. வளைவுகளில் பைக் வீரர்கள் முழங்கால் தரையில் உரசுமளவு சாய்வார்கள்.

எத்தனை டிகிரி சாய்வு? நூலில் குண்டு கட்டி அளக்கலாமா? ஊஹூம், அதுவும் அந்தப் பை மாதிரியே ஏமாற்றிவிடும்! பல செல்போன்களில்கூட இருக்கும் ஜைரோஸ்கோப் இங்கே கைகொடுக்கும். நொடிக்கு எத்தனை டிகிரி திரும்புகிறோம் என்று அது சொல்லும். வேகத்தை ஜி.பி.எஸ். சொல்லும். இரண்டும் கிடைத்தால் போதும். வண்டி எவ்வளவு பெரிய வட்டத்தில் போகிறது, எவ்வளவு சாய்கிறது, இரண்டையும் கணக்குப் போட்டுவிடலாம்.

நாமும் போட்டுப் பார்ப்போமா? 10 மீட்டர் அகலச் சாலை, செங்கோணத் திருப்பம், உள் ஓரத்தின் ஆரம் 20 மீட்டர். டயரின் பிடிப்பு 45 டிகிரி சாய்வு வரைதான் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையின் நடுவிலேயே போனால் ஆரம் 25 மீட்டர். மணிக்கு 56 கி.மீ.க்கு மேல் முடியாது. வெளி ஓரத்தில் ஆரம்பித்து, நடு வளைவில் உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வந்தால்? ஆரம் 54 மீட்டராகிவிடும்! சாய்வு அதே 45 டிகிரிதான். வேகம் மட்டும் 83 கி.மீ. நோட்டில் காம்பஸால் வரைந்து பாருங்கள், எனக்கே முதலில் நம்ப முடியவில்லை.

அப்படியானால் எல்லா வளைவுக்கும் பெரிய வட்டம்தான் சரியா? இங்கேதான் ஒரு குறும்பு இருக்கிறது. நீண்ட நேர்பாதைக்கு முந்தைய வளைவில், அனுபவசாலிகள் உள் ஓரத்தைக் கொஞ்சம் தாமதமாகத் தொடுவார்கள். வளைவில் சற்று மெதுவாகத்தான் போவார்கள். ஆனால் வண்டி சீக்கிரமே நிமிர்ந்துவிடும், ஆக்சிலரேட்டரை முன்னதாகவே முறுக்கலாம். அந்தக் கூடுதல் வேகம் நேர்பாதை முழுக்கக் கூடவே வரும்.

இதில் எது லாபம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரு விதமாகவும் ஓட்டிய இரண்டு சுற்றுகளின் வேகத்தையும் ஒரே வரைபடத்தில் இரண்டு நிறக் கோடுகளாகப் போடுவார்கள். வளைவில் தாழ்ந்து கிடக்கும் கோடு, எந்த இடத்தில் மற்றதைத் தாண்டி மேலே ஏறுகிறது என்று தேடுவார்கள். அது நேர்பாதையின் தொடக்கத்திலேயே ஏறிவிட்டால், தாமதமாகத் தொட்டவருக்குத்தான் லாபம்.