உங்களுக்குத் தெரியுமா? வரப்பு ஒன்று, வறுமைக் கோடு இரண்டு!

● 2011-12 திட்டக் குழுக் கணக்கின்படி இந்தியாவில் 100 பேரில் 22 பேர் ஏழைகள். சத்தீஸ்கரில் 40 பேர், கோவாவில் 5 பேர். புதுச்சேரிக்கு 9.69 சதவீதம். நிம்மதி தரும் எண்தான். ஆனால் அதைப் பிரித்தால் நகரத்தில் 6.30, கிராமத்தில் 17.06! வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் (உள்ளாட்சிப் பகுதிகளின்) கிராமங்கள் இருப்பது இந்த இரண்டாவது எண்ணுக்குள்.

● புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் கிராமவாசிகள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2011 கணக்கெடுப்பில் 31.7 சதவீதம்தான். ஆனால் அன்றைய 1.24 லட்சம் ஏழைகளில் 69 ஆயிரம் பேர் கிராமத்துக்காரர்கள். நகரத்தையும் சேர்த்துச் சராசரி போட்டதும் அவர்கள் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள்.

● வில்லியனூரை அடுத்த கண்டமங்கலம் தமிழ்நாடு. பாகூரைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். பல இடங்களில் ஒரு வரப்புதான் எல்லை. 2011-12-இல் கிராமப்புற வறுமைக் கோடு தமிழ்நாட்டில் ஆளுக்கு மாதம் 880 ரூபாய், புதுச்சேரியில் 1,301 ரூபாய். மாதம் ஆளுக்கு 1,000 ரூபாயில் காலம் தள்ளிய குடும்பம் வரப்புக்கு இந்தப் பக்கம் ஏழை. அந்தப் பக்கம் ஏழை இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களின் 15.83 சதவீதத்தை நம் 17.06-உடன் ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது. அளந்த கோலே வேறு.

● புதுச்சேரியில் நகரத்துக்கான கோடு 1,309 ரூபாய். கிராமத்தைவிட 8 ரூபாய்தான் கூடுதல். அகில இந்திய அளவில் இந்த வித்தியாசம் 184 ரூபாய். அதாவது பாகூர்க்காரருக்கும் அரிசி, எண்ணெய், பருப்பு எல்லாம் கிட்டத்தட்ட டவுன் விலைதான். வருமானம் மட்டும் நடவும் களையெடுப்பும் அறுப்பும் கிடைக்கும் நாட்களை நம்பி இருக்கிறது.

● இங்கே வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் சிவப்பு ரேஷன் கார்டு, மேலே இருந்தால் மஞ்சள். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் சேலை மடிப்புக்கு நடுவே வைத்துக் காக்கப்படும் சொத்து அந்தச் சிவப்பு அட்டை. 2015-இல் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. பணம் வந்தாலும் அரிசியைக் கடை விலைக்குத்தான் வாங்க வேண்டியிருந்தது. விலை ஏறினால் உலையில் விழும் அரிசி குறைந்தது. மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் மறுபடி திறந்தது 2024-இல்.

● பாகூருக்குப் படிப்பு புதிதல்ல. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாகத் தரப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. இன்று அந்தப் படிப்பையும் சேர்த்து, சத்துணவு, குடிநீர், கழிப்பறை, வீடு என 12 அம்சங்களை வைத்து நிதி ஆயோக் வறுமையை அளக்கிறது. அதில் 2019-21-இல் புதுச்சேரி 0.85 சதவீதம், பீகார் 33.76. பள்ளியும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருப்பதன் பலன் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

● நல்ல செய்தியும் உண்டு. 2022-23 குடும்பச் செலவு ஆய்வில் புதுச்சேரிக் கிராமத்தில் ஆளுக்கு மாதச் செலவு 6,590 ரூபாய், நகரத்தில் 7,706. தமிழ்நாட்டில் இதே கணக்கு 5,310, 7,630. கிராமம் நகரத்தை எட்டிப் பிடித்து வருகிறது.

● இந்த வறுமை, செலவு எண்கள் எதிலும் வில்லியனூர் கொம்யூனுக்கோ பாகூர் கொம்யூனுக்கோ தனிக் கணக்கு கிடையாது. மாதிரிக்குச் சில வீடுகளை மட்டும் எடுத்துச் செய்யும் ஆய்வு கொம்யூன் அளவுக்கு இறங்காது. எந்தத் தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது ஊர்ப் பஞ்சாயத்துக்குத்தான் தெரியும். ஆனால் 1968-க்குப் பிறகு இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். இடைவெளி 38 ஆண்டுகள்! வறுமையை ஒழிக்க நினைப்பவர்கள் முதலில் அதைக் கொம்யூன் வாரியாக, ஊர் வாரியாக எண்ண வேண்டும். எண்ணப்படாத வீட்டுக்கு எந்தத் திட்டமும் வழி கண்டுபிடித்து வந்து சேராது.