குடியை அளக்கும் கோல்

குடி குடியைக் கெடுக்கும் என்பது நம்மவர் யாவரும் அறிந்த மொழி. ஆயினும், ஒருவர் குடிநோய்க்கு ஆட்பட்டுவிட்டாரா என்று அறிவது எங்ஙனம்? பீன்யாத் தொழிற்பேட்டைக்குப் பிழைப்பு நாடி வந்த நம் குடும்பங்களில் இவ்வினா பல இல்லங்களின் அமைதியைக் குலைத்து வருகின்றது. “அவன் முன்கோபி, ஊதாரி; குடிகாரனாகத்தான் இருப்பான்” என்பர் சிலர். “அவர் சாது, பக்திமான், அவருக்கேது அந்நோய்?” என்பர் வேறு சிலர்.

குணத்தைக் கொண்டு குடியை அளக்கும் இம்முயற்சியை அறிஞர்களும் செய்து பார்த்துள்ளனர். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழக அறிஞர் இருவர், 500க்கு மேற்பட்ட கூற்றுகளைக் கொண்ட ஆளுமைச் சோதனை ஒன்றை வெளியிட்டனர். அதிலிருந்து 49 கூற்றுகளைத் தேர்ந்து, 1965இல் மெக்ஆண்ட்ரூ என்பவர் குடிநோயாளரைக் கண்டறியும் அளவுகோல் ஒன்றை வகுத்தார். அக்கூற்றுகள் குடியைப் பற்றி நேரே வினவுவன அல்ல. பள்ளிக்கால நடத்தை, சமய ஈடுபாடு, துணிச்சல் முதலியவற்றைப் பற்றியன. ஆனால் அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் அதனைப் பயன்படுத்தியபோது, குடிநோய் இல்லாதார் பலரையும் அது குடிநோயாளராகக் காட்டியது. ஒரே நாட்டிலேயே இந்நிலை என்றால், கடல் கடந்த நம்மிடம் அக்கோல் எவ்வாறு பொருந்தும்?

இரயில்வே பார்சல் அலுவலகத்தில் பணிபுரிவோர் இதனை எளிதில் உணர்வர். தராசு செம்மையாக இருந்தாலும் படிக்கல் வேறாயின் எடை பிழைபடும்.

இக்குறையை நீக்க உலகச் சுகாதார நிறுவனம் வேறு வழியை மேற்கொண்டது. ஆறு நாடுகளில் ஆராய்ந்து, ‘ஆடிட்’ எனும் 10 வினாக்களை வகுத்தது. எவ்வளவு குடிக்கிறார், நிறுத்த இயல்கிறதா, தமக்கோ பிறர்க்கோ தீங்கு நேர்ந்ததா என்பனவற்றையே அது கேட்கின்றது. மொத்த மதிப்பெண் 40; எட்டும் அதற்கு மேலும் பெற்றவர் எச்சரிக்கை கொள்ளல் வேண்டும். பிற போதைப் பொருள்களுக்காக அந்நிறுவனம் பின்னர் உருவாக்கிய ‘அசிஸ்ட்’ வினாத்தாளைச் சோதித்த நாடுகளுள் நம் இந்தியாவும் ஒன்று.

இங்கும் படிக்கல்லை நாம் மறத்தலாகாது. அவ்வினாக்களில் ‘ஓர் அளவு’ என்பது ஏறத்தாழ 10 கிராம் சாராயச் சத்தாகும். நம் நாட்டுப் பிராந்தியிலும் விஸ்கியிலும் அது பொதுவாக 42.8 விழுக்காடு. ஆகவே 180 மில்லி கொண்ட ஒரு ‘குவார்ட்டர்’ ஏறத்தாழ ஆறு அளவுகளுக்குச் சமம். “ஒன்றே ஒன்றுதான்” என்று மனமார உண்மை கூறுபவரும் ஆறு அருந்தியவரே! மேலும், மாலையணிந்து 41 நாள் விரதம் காத்தவர், “வேண்டும்போது நிறுத்திக்கொள்வேன்” என்பார். ஆனால் வினாத்தாள் கேட்பது கடந்த ஓராண்டின் கணக்கை. விரதம் முடிந்த மறுநாள் நிகழ்வதும் அதில் அடங்கும்.

எனவே, குடும்பத்தாரே, குணத்தைப் பழித்து ஒருவரை ஒதுக்காதீர். குணத்தைப் புகழ்ந்து நோயை மறைக்காதீர். அளவையும் விளைவையும் அன்புடன் கேளுங்கள். வினாத்தாள் நோயைத் தீர்ப்புச் செய்வதன்று; மருத்துவரிடம் செல்லும் வழியைக் காட்டுவதே. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடுமாதலின், மருத்துவர் துணை இன்றியமையாதது.

நம் நகரிலேயே, ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் போதை நோய்க்கெனத் தனிப்பிரிவு இயங்குகின்றது. 2022இல் தொடங்கப்பெற்ற டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தாய்மொழியில் மனம் திறந்து சொல்லும் விடையே மெய்யான விடையாகும்.